கண்மாய்க்கரைக்கு அனுப்பப்பட்ட தீ

மேலக்கரிசல் ஊரில் நெருப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஊரைச் சுற்றி வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்று அங்கே சொல்லும் தொழிற்சாலைகள் இருந்ததாலும், கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்னச் செட்டுகளில் பாதி ஊர் வெடிமருந்து கலந்தும் மீதி ஊர் திரி முறுக்கியும் சரம் பின்னியும் பிழைத்ததாலும், அங்கே அதை ‘அது’ என்றுதான் சொல்வார்கள். அடுப்பில் அது பிடிச்சிருச்சா என்பார்கள், கோயிலில் அது ஏத்தியாச்சா என்பார்கள், எவனாவது செட்டோடு போய்விட்டால் அது கொண்டுபோயிருச்சு என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை சாயங்காலம், இஸ்ரவேல் வீட்டு முன்னறையில் ஜெபக் கூடுகை நடந்துகொண்டிருந்தபோது, சரம் பின்னும் பியூலாவின் தலைக்கு மேலே அது வந்து நின்றது.

அந்தக் கூடுகைக்கு வருகிறவர்கள் ஐந்தே பேர். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருக்கும் இஸ்ரவேல், அவர் மனைவி ஹெப்சி, தண்ணி லாரி ஓட்டும் தங்கையா, நல்ல குரல் உள்ள ஜெமிமா, பியூலா. ஒரு காலத்தில் அந்த வீட்டில் உட்கார இடமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஜெபித்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். இப்போது பாய் பாதிக்கு மேல் சுருட்டியே கிடந்தது. ஜெமிமா எப்போதும் பாடும் பாட்டையே பாடுவாள், தங்கையா பாதிப் பாட்டில் கண்ணயர்வார், இஸ்ரவேல் உலகத் தலைவர்களில் தொடங்கி ஊர்த் தண்ணீர்க் குழாய் வரைக்கும் ஒன்றுவிடாமல் ஜெபிப்பார், ஹெப்சி அந்த ஜெபத்தின் நீளத்துக்குச் சரியாகக் குக்கர் வைத்துவிட்டு வந்து உட்காருவாள், மூன்றாவது விசில் வந்தால் ஆமென் வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். பியூலா ஆமென் சொல்வாள். ஆமென் மட்டும்தான் சொல்வாள். அவள் புருஷன் சாலமோன் மருந்து அறையில் கருகி, பெரியாஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோன நாளிலிருந்து அவள் ஜெபிப்பதில்லை என்பது அந்த நான்கு பேருக்கும் தெரியாது. அவள் வந்துகொண்டிருந்தது ஹெப்சிக்காக. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு வார்த்தையும் பேசாமல், அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஹெப்சி ஒருத்திதான்.

இரண்டாவது விசில் வந்திருந்தது. கண்ணை மூடியிருந்தவர்களின் இமைக்குள் வெளிச்சம் தெரிந்தது. கரண்டு வந்துவிட்டதென்று நினைத்துத் தங்கையா கண்ணைத் திறந்தார். கரண்டு போகவே இல்லை. பியூலாவின் வகிட்டுக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், மல்லிகை மொட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாக அது நின்றுகொண்டிருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அது அசையவில்லை.

“பியூலா,” என்றாள் ஹெப்சி, மெதுவாக, பல்லி விழுந்ததைச் சொல்வதுபோல. “தலையில போட்ட முந்தானையை இறக்கிவிடு. தலைக்கு மேல என்னமோ நிக்குது.”

பியூலா பீரோக் கண்ணாடியில் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்துபோய்ப் பின்கட்டில் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஈரம் சொட்டச் சொட்ட அவள் திரும்பி வந்தபோது, சொட்டும் துளி ஒவ்வொன்றிலும் அது சின்னச் சின்னதாக மின்னியது.

“ஸ்தோத்திரம்,” என்றார் இஸ்ரவேல். குக்கர் மூன்றாவது விசிலையும் நான்காவது விசிலையும் அடித்தது. அன்றைக்குச் சோறு குழைந்துபோனது.

மறுநாள் காலையில் வெடி ஆபீஸ் வாசலில், கொலுசையும் ஊக்கையும் செல்போனையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகும் பெண்களின் வரிசையில் பியூலாவும் நின்றாள். போர்மேன் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தாயி, நீ அங்கிட்டே நின்னுக்கோ.”

“இது சுடலண்ணே. ராத்திரி பூராவும் பூச்சி அதுக்குள்ள போயிப் போயி வருது, ஒன்னு கூடச் சாகல.”

“பூச்சியைச் சுடலங்கிறதுக்காக மருந்தைச் சுடாதுன்னு என்ன உறுதி? சொல்லு, நான் சாவியைத் தர்றேன்.”

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற முத்துமாரி, எதிர்வீட்டுக்காரி, பல வருஷமாக அவளோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து சரம் பின்னுகிறவள், ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் நகர்ந்தாள். வரிசை முழுக்க அப்படியே ஓரடி பின்வாங்கியது.

ஊர் அதைப் பழகிக்கொள்ளப் பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். தீயணைப்பு வண்டி வந்தது. அதில் வந்தவர்கள் குழாயை விரித்து அவள் மேல் தண்ணீர் அடித்தார்கள், நுரை அடித்தார்கள், பிறகு நனைந்த அவளுக்குத் துண்டு கொடுத்து, டீ குடித்துவிட்டு, இந்த மாதிரி ஒன்று எங்கள் பயிற்சியில் சொல்லித் தரவில்லையம்மா என்று சொல்லிப் போய்விட்டார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவள் காலில் ஊற்றினார்; பங்குனியில் தீச்சட்டி எடுக்கும் பெண்கள் வந்து, எத்தனை நாள் விரதம் இருந்தாய் என்று கேட்டார்கள். விரதமே இல்லை என்று அவள் சொன்னதை நம்பாமல், சொல்ல இஷ்டமில்லை போலிருக்கிறது என்று போனார்கள். பஸ் கண்டக்டர் அவளைக் கடைசி சீட்டில் உட்காரச் சொன்னார். கரண்டு போன வேளைகளில் பிள்ளைகள் அவள் வாசலுக்கு வந்து வீட்டுப்பாடம் எழுதின. எழுதி முடித்ததும் தாய்மார்கள் வந்து, முகத்தைப் பார்க்காமல், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். எதைக் கொண்டு மூடினாலும் அது மூடியதன் மேலே போய் நின்றது. குடை பிடித்தால் குடைமேல், சட்டியைக் கவிழ்த்தால் சட்டிமேல். பியூலா இரவில் கையால் கண்ணை மூடிக்கொண்டு படுத்தாள். சாலமோனைக் கொண்டுபோன அதே சாமான், இத்தனைக்கும் பிறகு, கேட்காமல் வந்து தன் தலையில் குடியேறியிருப்பதை நினைக்கையில் அவளுக்குப் பல் கிட்டித்தது.

அடுத்த புதன்கிழமை இஸ்ரவேல் வீட்டில் பாய் போதவில்லை. நெடுங்காலமாக எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்தார்கள், பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள், சுவர் அதிரப் பாடினார்கள், தொண்டை கிழிய ஜெபித்தார்கள். வேதத்தில் சீஷர்கள் தலைமேல் அக்கினி நாவுகளாக இறங்கினதுபோல எனக்கும் தாரும், என்மேலும் இறங்கும் என்று கத்தியபடியே ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பீரோக் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்துக்கொண்டார்கள். இஸ்ரவேலும் பார்த்தார். அன்று முழுதும் அவர் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருந்திருந்தார். அவர் தலைக்கு மேலே மின்விசிறி மட்டும்தான் சுற்றியது.

எல்லாரும் போன பிறகு அவர் பியூலாவை நிறுத்தினார்.

“தங்கச்சி, உண்மையைச் சொல்லு. அன்னைக்கு நீ என்ன ஜெபிச்ச?”

“ஒன்னும் ஜெபிக்கலண்ணே.”

“ஒன்னுமே இல்லாமலா? இந்த வீட்டை நான் கர்த்தருக்குன்னு தெறந்து வச்சிருக்கேன். ஒரு புதன்கிழமை தவறினதில்ல. என் தகப்பன் செத்த வாரங்கூடத் தவறல.” அவர் மறுபடியும் பீரோக் கண்ணாடியைப் பார்த்தார். “நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அது உன்கிட்ட வந்து நிக்குது.”

“நீங்களே எடுத்துக்கோங்கண்ணே,” என்றாள் பியூலா. “எனக்கு வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுதேன், எப்படியாவது எடுத்துக்கோங்க.”

அவர் அதை எடுக்கப் பார்க்கவில்லை. நாள் செல்லச் செல்ல அவருடைய முதலாளி அவரைக் கூப்பிட்டு, உன் வீட்டில் வந்ததை நீதான் அணைக்க வேண்டும் என்று பேசினார், தெரு ஆட்களும் வந்து பேசினார்கள், ஒரு சாயங்காலம் அவர் ஒரு சாக்கைத் தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டு பியூலா வீட்டுக்குப் போனார். தங்கையாவும் கூட வந்தார். பியூலா முற்றத்தில் முழங்கால் போட்டுத் தலையைக் குனிந்துகொடுத்தாள். இருவரும் சாக்கின் இரண்டு முனையைப் பிடித்து அவள் தலைமேல் போட்டு அழுத்தினார்கள். அழுத்திக்கொண்டே இருந்தார்கள். உள்ளே அவளுக்கு மூச்சு முட்டியது, சணல் நாற்றமும் தண்ணீரும் மூக்கில் ஏறின, கால்கள் தரையில் உதைத்தன. தங்கையாதான் முதலில் கையை எடுத்தார்.

“அண்ணே, விடுங்க! பிள்ள செத்துருவா!”

ஈரச் சாக்கின் மேலே, ஒரு சாண் உயரத்தில், அது அசையாமல் நின்றது. இஸ்ரவேல் தன் கைகளைப் பார்த்தார். எழுந்து போனார்.

பஞ்சாயத்து கூடியது. முத்துமாரிதான் முதலில் பேசினாள்.

“எனக்கு பியூலாக்கா மேல கோவம் இல்ல. எனக்குப் பயம். எங்க வீட்டுக்காரர் மருந்து அறையில நிக்காரு. அங்க ஒரு கல்லு உரசினாலே போச்சு. இவங்க தலையில அது சும்மா நிக்குது. காத்தடிச்சு ஒரு பொறி போச்சுன்னா யார் பதில் சொல்றது? அக்கா, நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

பியூலாவுக்குத் தெரியும். அதனால்தான் அவள் தலையாட்டினாள். காலைச் சங்கு ஊதியதிலிருந்து சாயங்காலச் சங்கு ஊதும் வரைக்கும், செட்டுகளில் ஆள் இருக்கும் நேரம் முழுக்க, அவள் ஊருக்கு மேற்கே உள்ள வறண்ட கண்மாயின் கரையில்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அவளோடு யாராவது ஒட்டி உறவாடினால் அவர்களுக்கும் எந்த ஆபீஸிலும் வேலை கிடையாது என்பதைத் தீர்ப்பில் சேர்க்கவில்லை. அதை முதலாளிகள் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டார்கள். இஸ்ரவேல் வீட்டுக்கு வேன் வைத்து வந்தவர்கள் அதற்குப் பிறகு வரவில்லை.

கண்மாய்க்கரையில் வேலிக்கருவை மரங்கள்தான் நிழல். வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் களிமண்ணைப் பார்த்துக்கொண்டு பியூலா நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஆடு மேய்ப்பவர்கள்கூடத் தள்ளியே போனார்கள். புதன்கிழமை வந்தது. சாயங்காலம் தனக்குக் கூடுகை கிடையாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தபோது, உச்சி வெயிலில், கரையின் சரிவில் ஒரு பாய் ஏறி வருவது தெரிந்தது. பாய்க்குக் கீழே ஹெப்சி இருந்தாள். அவள் இடுப்பில் டீ பிளாஸ்க் இருந்தது. பின்னால் ஜெமிமா. தண்ணி லாரியைக் கண்மாய்க்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுத் தங்கையா இறங்கினார்.

“ஏன்க்கா வந்தீங்க? அண்ணனுக்கு வேலை போயிரும்.”

“அண்ணனுக்குத்தான? நான் அங்க வேலை பாக்கலயே,” என்று பாயை விரித்தாள் ஹெப்சி. “அந்தா நிக்காரு பாரு.”

தூரத்தில், கரை தொடங்கும் இடத்தில் உள்ள முதல் மரத்தடியில், குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு இஸ்ரவேல் நின்றார். அவர் கிட்ட வரவில்லை. போகவும் இல்லை.

ஜெமிமா வழக்கமான பாட்டைத் தொடங்கினாள். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. அந்த வெட்டவெளியில் அந்தப் பாட்டு நிற்க இடமில்லாமல் காற்றோடு போனது. யாரும் ஜெபிக்கத் தொடங்கவில்லை.

பிறகு பியூலா சொன்னாள்: “அக்கா, நான் ஜெபிக்கிறதில்ல. அவரு போனதுல இருந்து ஒரு நாள், ஒரு வார்த்தை ஜெபிக்கல. உங்க வீட்டுல உக்காந்து ஆமென் ஆமென்னு சொன்னதெல்லாம் பொய். எனக்கு அவரைப் பிடிக்கல.”

“யாரை?”

பியூலா மேலே காட்டினாள். அவள் காட்டிய இடத்தில் அது நின்றது. அதற்கு மேலே வானம்.

ஹெப்சி திகைத்ததாகத் தெரியவில்லை. டீயை ஊற்றிக் கொடுத்தாள். “அதை எங்ககிட்ட ஏம்மா சொல்ற? அவர்கிட்டயே சொல்லு.”

பியூலா டீயைக் கீழே வைத்தாள். அவள் எழுந்து நின்றதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடவில்லை, கையைக் குவிக்கவில்லை, வாய்க்காலில் தண்ணீருக்குச் சண்டை போடுகிறவள்போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள்.

“எங்க போனீரு? அவரு எரியுது எரியுதுன்னு கத்தினப்ப எங்க போனீரு? அந்த ஆஸ்பத்திரித் தரையில நெத்தி புடைக்க விழுந்து கிடந்தேனே, ஒருக்கா எட்டிப் பாத்தீரா? அன்னைக்கு வராதவரு இன்னைக்கு எதுக்கு வந்து என் தலையில உக்காந்திருக்கீரு? அதுவும் எதுவா வந்திருக்கீரு? தண்ணியா வரக்கூடாது? காத்தா வரக்கூடாது? உமக்கு வேற உருவமே கிடைக்கலியா?”

அவள் குரல் கண்மாயின் எதிர்க்கரைவரை போய்த் திரும்பியது. யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடமாக அது இல்லை. பியூலா மூச்சு வாங்க உட்கார்ந்தாள். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் இத்தனை வருஷமும் ஆளில்லாத வீட்டின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல இருந்த அவளுக்கு, முதன்முறையாக, உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல இருந்தது.

“நானும் ஒன்னு சொல்லணும்,” என்றார் தங்கையா, கீழே பார்த்துக்கொண்டே. அவர் சொன்னார். பிறகு ஜெமிமா சொன்னாள். அவர்கள் சொன்னவை அவர்களுக்கும் கடவுளுக்கும் உரியவை. அவை பெரிய பாவங்களும் அல்ல, பெரிய சாட்சிகளும் அல்ல. வெளியே எடுக்காமல் வைத்துப் புளித்துப்போன சின்னச் சின்ன உண்மைகள். சாயங்காலச் சங்கு ஊதியபோது, நேரம் போனதே தெரியாமல் நால்வரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் புதன்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. ஓய்ந்த வேளையிலெல்லாம் வந்தார்கள். கண்மாய்க்கரைக் கூடுகைகளில் பாட்டு குறைந்தது, அழுகை கூடியது, சிரிப்பும் கூடியது. வேதத்தைத் திறந்தால் ஒரு வரியைத் தாண்டுவதற்குள் நால்வரும் அந்த வரியோடு மல்லுக்கட்டினார்கள். தங்கையா தூங்குவதை நிறுத்திவிட்டார். பியூலா ஒவ்வொரு நாளும் மேலே பார்த்துச் சண்டை போட்டாள், ஒரு நாள் சண்டையின் நடுவில் தன்னையறியாமல் ஐயா என்று கூப்பிட்டாள். இஸ்ரவேல் ஒவ்வொரு முறையும் வந்தார். முதல் மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு வந்திருந்தார், பிறகு அதற்கும் அடுத்த மரத்துக்கு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஹெப்சி மட்டும் ஒரு டம்ளர் டீயை அவருக்கும் பாய்க்கும் நடுவே பாதி வழியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள்.

ஐப்பசி பிறந்து, ஆபீஸ்கள் இரவு பகலாக ஓடத் தொடங்கிய நேரம். இஸ்ரவேல் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே மற்ற மூவர் பின்னால் வந்திருந்த ஒரு நாள் மத்தியானம் பூமி ஒரு தடவை உதறியது. கிழக்கே செட்டுகள் இருக்கும் பக்கம் வெள்ளைப் புகை எழும்பியது, அதற்குள்ளிருந்து பச்சையும் சிவப்பும் நீலமுமாகப் பகலிலேயே பூக்கள் சிதறின, அதன் பிறகுதான் சத்தம் வந்தது. நேரமில்லாத நேரத்தில் சங்கு ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது.

பியூலா எழுந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்து ஆட்கள் கண்மாயை நோக்கி ஓடிவருவது தெரிந்தது. அவர்கள் கையில் கம்பும் கல்லும் இருந்தன.

“லாரிக்குள்ள ஏறு,” என்றார் தங்கையா.

அவள் ஏறவில்லை. ஓடிவந்தவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் கடைசி மரம் இருந்தது. அந்த மரத்தடியிலிருந்து இஸ்ரவேல் வெளியே வந்து, கரையின் நடுவில் நின்று, குடையை விரித்துப் பிடித்தார். எதற்கு விரித்தார் என்று பிறகு அவருக்கே தெரியவில்லை.

“அவ இங்கதான் இருந்தா!” என்று கத்தினார். “காலையில இருந்து இங்கதான் இருந்தா! நான் பாத்துக்கிட்டே இருந்தேன்!”

“நீ யாரு பாக்க? உனக்கு இங்க என்ன வேலை?”

“நான் இவங்க ஆளு,” என்றார் இஸ்ரவேல்.

முதல் கல் குடையைக் கிழித்தது. அடுத்தது அவர் நெற்றியில் பட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார், ஆனால் உட்கார்ந்த இடத்திலும் கையை விரித்துக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் ஊர்ப்பக்கமிருந்து, ஆள் வேணும், தூக்க ஆள் வேணும், எல்லாரும் இங்கிட்டு ஓடியாங்க என்று கூக்குரல் கேட்டது. கல்லை வைத்திருந்த கைகள் கல்லைப் போட்டன. வந்தவர்கள் வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினார்கள். இடிந்த செட்டுக்குள் தங்கள் அண்ணனோ மகளோ கிடக்கக்கூடும் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

ஹெப்சி முந்தானையைக் கிழித்து இஸ்ரவேலுக்குக் கட்டுப்போட்டாள். மருந்து அறையில்தான் வெடித்தது என்று யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். கருப்பசாமி, முத்துமாரி புருஷன், அவரைத்தான் முதலில் தூக்கினார்களாம்.

“தங்கையாண்ணே, லாரியை எடுங்க,” என்றாள் பியூலா.

“எங்க போறது? மதுரைக்கா? எங்க மச்சினன் வீடு இருக்கு, ஊர் அடங்குற வரைக்கும்...”

“பெரியாஸ்பத்திரிக்கு.”

அவள் எதைச் சொல்கிறாள் என்று ஹெப்சிக்குத் தெரிந்தது. சாலமோன் இறந்த அந்த வார்டு வாசலை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்தவள் அவள். அந்தத் தெரு வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறமாட்டாள்.

“பியூலா, இப்போ வேண்டாம்மா. கொலை விழுந்துரும்.”

“முத்துமாரி அங்க ஒத்தையா நிப்பாக்கா,” என்றாள் பியூலா. “உங்களுக்குத் தெரியும்ல, ஒத்தையா நிக்கிறது எப்படின்னு. நீங்க எனக்கு வந்தீங்க. யாரைக் கேட்டுட்டு வந்தீங்க?”

ஐந்து பேரும் ஏறினார்கள். ஆடி ஆடிப் போகும் தண்ணி லாரியின் முன்சீட்டில் நெருங்கி உட்கார்ந்துகொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரியின் கூரைக்கு மேலே, காற்றில் சாயாமல், அது வந்தது. ரோட்டோரத்தில் நின்றவர்கள் பார்த்துவிட்டு வழி விட்டார்கள்.

தீக்காய வார்டு வாசலில் முத்துமாரி இருந்தாள். தலை அவிழ்ந்து, முகமெல்லாம் வெடியில் சேர்க்கும் அலுமினியப் பொடி வெள்ளி வெள்ளியாக ஒட்டியிருக்க, கதவில் சாய்ந்து நின்றவள், நடையின் கோடியில் வெளிச்சத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் கதவுக்குக் குறுக்கே நீட்டினாள்.

“வராத! அங்கனயே நில்லு! அதைத் தூக்கிக்கிட்டு இங்கயா வர்ற? இன்னும் எதைக் கொளுத்தணும்? அந்தா கிடக்காரு, தோல் இல்லாம கிடக்காரு, போதலயா உனக்கு?”

பியூலா நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் நால்வரும் நின்றார்கள். நோயாளிகளோடு வந்தவர்கள் எழுந்தார்கள். யாரோ ஒருவர் ஸ்டூலைக் கையில் தூக்கினார். மருந்து வாசனையும் கருகிய வாசனையும் அவள் மூக்கில் ஏறின, அதே வாசனை, அதே பச்சை வாளி, அதே சுவர். திரும்பி ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. ஹெப்சியின் கை அவள் முதுகில் இருந்தது. அந்தக் கை தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

“நான் உள்ள வரல, முத்துமாரி,” என்றாள் அவள். “இங்கனயே, உன்கூட நிக்கேன். நீ போன்னு சொல்ற வரைக்கும்.”

“போ!”

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. கண்களுக்கு மேல் கட்டுப்போட்டு, கொசுவலைபோல் கவிழ்த்த கூண்டுக்குள் கிடந்த கருப்பசாமியின் குரல். அதுவரை எரியுதே என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் வராத குரல்.

“மாரி... யாரு வந்திருக்கா? கதவைத் திறந்தியா? குளுகுளுன்னு காத்து வருது.”

முத்துமாரி திரும்பிப் பார்த்தாள். காற்றே இல்லை. கதவு அவள் முதுகுக்குப் பின்னால் ஒருக்களித்துத்தான் இருந்தது. அந்த இடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது பியூலாவின் தலைக்கு மேல் நின்றதன் வெளிச்சம் மட்டும்தான். ஒரு கோடுபோல அது தரையில் ஓடி, கட்டிலில் ஏறி, அவர் மார்பில் விழுந்திருந்தது.

“கதவைச் சாத்திராத, மாரி,” என்றார் கருப்பசாமி. “இன்னும் கொஞ்சம் திற.”

அவள் கைகள் கதவிலிருந்து கீழே விழுந்தன.

பியூலா உள்ளே போனாள். மற்ற நால்வரும் அவள் பின்னால் வந்தார்கள். கட்டிலருகே நின்றாள், இன்னும் கிட்ட என்றார் அவர், குனிந்தாள், இன்னும் என்றார், அவள் முழங்காலிட்டு, தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்தாள். எரிந்த மனிதனுக்கு ஒரு சாண் தொலைவில் அந்த மஞ்சள் மொட்டு நின்றது. கருப்பசாமி நீளமாக மூச்சு விட்டார், கோடைமழையில் நனைந்தவன் விடுவதுபோல.

ஜெபிக்க வேண்டும் என்று ஐந்து பேருக்கும் தெரிந்தது. இஸ்ரவேல் வழக்கப்படி தொண்டையைச் செருமினார். அன்பும் கிருபையும் நிறைந்த என்று தொடங்கினார், அதற்குமேல் ஓடவில்லை. தகப்பனே என்றார், உலகத் தலைவர்களைத் தேடினார், தண்ணீர்க் குழாயைத் தேடினார், பல வருஷமாக நாவின் நுனியில் வரிசையாக நின்ற சொற்களில் ஒன்றுகூட அன்றைக்கு வரவில்லை. நெற்றிக் கட்டிலிருந்து ரத்தம் கண்ணில் வடிய, அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் பிள்ளை தகப்பனிடம் காட்டுவதுபோலக் காட்டினார்.

“எரியுதுய்யா,” என்றார். “இவருக்கு எரியுது. பாருமய்யா.”

ஆமென் என்றாள் பியூலா. அந்தச் சொல் தன் வாயில் இத்தனை கனமாக இருந்ததை அவள் அன்றைக்குத்தான் அறிந்தாள்.

கருப்பசாமி பிழைத்தார், விரல்கள் மடங்கிப்போயின, கண் ஒன்று மங்கியது, ஆனால் பிழைத்தார். அதே வார்டில் அவரோடு கொண்டுவரப்பட்ட இருவர் பிழைக்கவில்லை. அவர்கள் கடைசிவரை எரிகிறது என்று கத்தாமல் போனார்கள் என்பது மட்டுமே அவர்கள் வீட்டார் பெற்ற ஆறுதல். இரும்புச் சட்டி உரசித்தான் வெடித்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இஸ்ரவேலுக்கு வேலை போனது. பியூலா அந்த வார்டிலேயே ஆயாவாகச் சேர்ந்தாள், அவள் தலைமேல் அது இன்றைக்கும் நிற்கிறது, ஏன் அவளுக்கு என்று யாரும் இப்போது கேட்பதில்லை; பஞ்சாயத்துத் தீர்ப்பை யாரும் திரும்பப் பெறவும் இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு, கருப்பசாமி கண்ணயர்ந்த பின், பியூலா எழுந்திருக்க முடியாமல் முழங்காலிலேயே இருந்தாள். முத்துமாரி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த கட்டிலில் யாரோ முனகினார்கள்.

“அங்கிட்டு ஒரு பிள்ள கிடக்கா,” என்றாள் முத்துமாரி. “திரி முறுக்குற பிள்ள. அவளுக்கு ஆள் யாரும் இன்னும் வரல.”

அவள் கையை நீட்டினாள். பியூலா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.